கேம் பாய் களிம்புப் படலம்

இவ்வாய்வின் பொருள், 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென் விலையில் வெளிவந்த நிண்டெண்டோ கேம் பாய். முழுக் கருவியும் அன்று. அதன் முதுகுப்புறத்தில் நான்கு ஏஏ பேட்டரிகள் படுத்திருக்கும் அறை மட்டும். திரை, ஒலி, ஆட்டம் ஆகியவற்றைப் பற்றி முன்னோர் நிறையவே எழுதிவிட்டனர். பேட்டரி மூடியைத் திறந்தவர்களோ முகத்தைச் சுளித்து உடனே மூடிவிட்டதால் இத்துறை தரிசாகக் கிடக்கிறது.

அவ்வறையில் படியும் களிம்பை அறிய, முதலில் மலங்களின், அதாவது அழுக்குகளின், வகை. செம்பில் களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருப்பதைச் சகச மலம் என்றும், இடையில் வந்து சேர்வதை ஆகந்துக மலம் என்றும் சைவ சித்தாந்திகள் பிரிப்பர். கையடக்க விளையாட்டுக் கருவிகளை அவர்கள் கண்டதில்லை. ஆயினும் பகுப்பு பிசகாமல் பொருந்துகிறது. 1990-இல் வந்த சேகா கேம் கியரின் சர்க்யூட் பலகையில் உள்ள கெபாசிட்டர்களே நாளடைவில் கசிந்து தடங்களை அரிக்கின்றன. ஆடினாலும் கசியும், ஆடாவிட்டாலும் கசியும், பேட்டரியே போடாமல் பூசையறையில் வைத்தாலும் கசியும். சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன்வாடை கிளம்பும். இது சகசம், கெபாசிட்டர்களை மாற்றினாலன்றி விமோசனம் இல்லை. கேம் பாயின் களிம்போ ஆகந்துகம். பிறவியில் கருவி தூயது. வந்து தங்கிய பேட்டரிதான் கெடுத்தது.

கெடுத்த விதம் வருமாறு. அல்கலைன் பேட்டரிக்குள் துத்தநாகத் தூளும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் குடியிருக்கின்றன. சும்மா கிடந்தாலும் இரண்டும் மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அழுத்தம் மிகுந்தால் அடைப்பு வழிவிடும், காரம் வெளியேறும், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தப் பூவுக்குப் பொட்டாசியம் கார்பனேட் என்று பெயர். ஸ்பிரிங்கின் நிக்கல் முலாம் உரியும். செம்பு உள்ள இடமெல்லாம் பச்சை கட்டும்.

தருக்க நூலார் ஒரு காரியத்துக்கு மூன்று காரணம் கேட்பர். முதற்காரணம் காரம். துணைக்காரணம் காலம். நிமித்த காரணம்? “நாளைக்கு ஆடலாம்” என்று பேட்டரியை உள்ளேயே விட்டவர். தினமும் ஆடியவரின் கருவியில் களிம்பு அரிது. ஆட ஆடப் பேட்டரி தீர்ந்துவிடும், அவரும் கழற்றிப் போட்டுவிடுவார். இனி ஆடுவதில்லை என்று துறந்தவர் நான்கையும் பிடுங்கிச் சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் பங்கிட்டிருப்பார். ஆடவும் ஆடாமல், ஆசையும் விடாமல் இருந்தவரின் அலமாரியில்தான் உப்புப் பூக்கிறது. ஆதலால் களிம்பின் கனத்தைக் கொண்டு உரிமையாளரின் நம்பிக்கையை அளந்துவிடலாம் என்பது இவ்வாய்வின் துணிபு.

இனி நீக்கம். காரத்தை அமிலம் முறிக்கும் என்பதில் பிணக்கில்லை. வினிகர் மரபினர், எலுமிச்சை மரபினர் என்று பிரிந்து நிற்பது வெறும் குலப்பெருமை. கையுறை போட்டுக்கொண்டு பஞ்சுக் குச்சியில் தொட்டு வைத்தால் நுரைக்கும். நுரை கார்பனேட் கரைவதற்கு அறிகுறி. அடங்கியபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துக. அதை மறந்தவர் வீட்டில் காரம் விட்ட இடத்திலிருந்து அமிலம் அரிப்பைத் தொடரும். கசிந்தது பழைய சிங்க் கார்பன் பேட்டரி எனில் கதை தலைகீழ். அக்கசிவே அமிலத்தன்மை உடையது. அங்கே மேற்சொன்ன இரு மரபினரும் வாய்மூடி நிற்க, சமையல் சோடா முன்வரும். முலாம் போன ஸ்பிரிங்கைத் தேய்த்துக்கொண்டிருப்பது பக்தியே தவிரப் பழுதுநீக்கம் ஆகாது, புதிது போடுக. கருவியைப் பிரிக்க ஒய் வடிவத் திருப்புளி வேண்டும். சாதாரணத் திருப்புளியோடு மோதியவர்களுக்கு ஸ்க்ரூவின் தலை வழுவழுப்பானதே மிச்சம்.

சுத்தம் செய்தபின் கருவியே ஒரு தேர்வு நடத்துகிறது. சுவிட்சைப் போட்டதும் மேலிருந்து இறங்கும் ‘நிண்டெண்டோ’ என்ற பெயரை அது ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜிலிருந்து படிக்கிறது. தன்னிடமுள்ள மூலத்தோடு ஒப்பிடுகிறது. ஒரு புள்ளி பிசகினாலும் ஆட்டத்தைத் தொடங்க மறுக்கிறது. பாடபேதத்தை இவ்வளவு கண்டிப்பாக ஒதுக்கும் பதிப்பாசிரியர் தமிழுலகிலும் அரியர். பெயர் சிதைந்து இறங்கினால், அழுக்கு பெரும்பாலும் கேட்ரிட்ஜின் முனைகளில் இருக்கும்.

இவ்விடத்தில் ஊதுவோர் மரபைக் கண்டித்தாக வேண்டும். கேட்ரிட்ஜைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகினால் ஆட்டம் ஓடும் என்பது அவர்தம் கொள்கை. மூச்சின் ஈரம் முனைகளை அரிக்கும் என்று நிண்டெண்டோவே எச்சரித்தும் அம்மரபு தளரவில்லை. கழற்றிச் செருகும்போது முனைகள் உரசிக்கொண்டதே பலன் தந்தது, ஊதலுக்கு அதில் பங்கில்லை என்பது எம் கட்சி. ஊதாமல் செருகிப் பார்த்தாலே இதை நிறுவிவிடலாம். அச்சோதனைக்கு உடன்படும் சிறுவன்தான் இன்னும் கிடைக்கவில்லை.