பாடி எங்கடா போச்சு, மருமகனே?

வா மருமகனே, உக்காரு. கொண்டாந்த போத்தலை அந்த மூலையில வை. இன்னும் கொஞ்சம் தள்ளி. போன ஞாயித்துக்கிழமை குடுத்துட்டுப் போன அன்னாசி வைனை மாமன் குடிச்சானா இல்ல பூச்செடிக்கு ஊத்துனானான்னு பாக்க வந்திருக்கே. குடிச்சேன்டா. உசுரோட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேனே, அதுவே உனக்குப் பெரிய சர்டிபிகேட்டு.

ஆனா ஒண்ணு. "டேஸ்ட் இருக்கு மாமா, பாடிதான் இல்ல"ன்னு போனுல சொன்னியே, அதை உங்க மாமி கேட்டுட்டா. கையில இருந்த அகப்பையைப் போட்டுட்டு, யாரு பாடி, எந்த ஆஸ்பத்திரின்னு ஒரே ஒப்பாரி. நம்ம திகனப் பக்கம் பாடின்னா வேன்ல வெள்ளைத்துணி சுத்தி வர்றது மட்டுந்தான். வாயில ஊத்துனா தண்ணியா ஓடிராம நாக்கு மேல கொஞ்ச நேரம் சம்மணம் போட்டு உக்காரணும், இறங்கறப்ப தொண்டையைப் பிராண்டக் கூடாது, அதைத்தான் நீ சொல்றேன்னு அவளுக்குப் புரிய வைக்க எனக்கு ரெண்டு பிளேன்டி செலவு.

பேசறதுக்கு முந்தி ஒரு விசயம். லைசன்ஸ் இல்லாம வீட்டுல மது காய்ச்சக்கூடாது, புளிக்க வைக்கக்கூடாதுன்னு 1912ஆம் வருசத்து மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கு. வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் சட்டம் போகல. அதனால நீ கொண்டாந்தது ஏதோ அன்னாசித் தண்ணி, வெயில்ல மறந்து வச்சதுல கெட்டுப் போச்சு. நான் பேசறதும் பொதுவாப் பேசறது. சரியா?

இப்பச் சொல்லு, ஒரு அன்னாசிக்கு எத்தனை போத்தல் தண்ணி ஊத்துனே? வாயைத் தொறக்க மாட்டேங்கிறே. விக்டோரியா அணைக்குத் தண்ணி நிரப்பி பழைய தெல்தெனிய டவுனை முக்குனானுங்களே, அதே மாதிரி நீயும் பழத்தை முக்கிட்டே. மேல சீனியைக் கொட்டியிருக்கே. சீனி பூராவையும் ஈஸ்ட் தின்னு சாராயமாக்கிட்டுப் போயிருச்சு. மிச்சம் இருக்கிறது சூடும் தண்ணியும். அதுல உடம்பைத் தேடுனா எங்க கிடைக்கும்?

அது கிடக்கட்டும், அந்தப் பையில என்னா? கண்டி டவுன் பார்மசியில வாங்குன கிளிசரின். நெனச்சேன். கைபோனுல நீ மட்டுந்தான் பாப்பியா, எனக்கும் மூக்குக் கண்ணாடி இருக்கு. கிளிசரின் ஊத்துனா வைன் வழவழன்னு ஆயிருமாம். அந்தக் கிளிசரினை ஈஸ்ட்டே செஞ்சு குடுக்குதுடா, காசு கேக்காம. சாதாரண வைன்ல லீட்டருக்கு அஞ்சு கிராமுல இருந்து பத்து கிராம் வரைக்கும் இருக்கும். கலிபோர்னியாவுல டேவிஸ் யுனிவர்சிட்டிக்காரங்க 1984ல வெள்ளை வைன்ல போட்டுப் பாத்தாங்க. அஞ்சு கிராம் சேத்தாலே இனிப்புத் தெரியுதாம். ஆனா நாக்குக்குக் கனம் தெரியணும்னா லீட்டருக்கு இருபத்தஞ்சு கிராமுக்கு மேல வேணுமாம். உன் பத்து லீட்டர் வாளிக்குக் கால் கிலோ! அதுக்கப்புறம் அது வைன் இல்ல, இருமல் பாணி.

கிளாஸைச் சுத்துனா ஓரத்துல கண்ணீர் மாதிரி வழியுதே, அதை வச்சு பாடி பாக்கலாம்னு எவனோ உனக்குச் சொல்லியிருக்கான். அது சாராயம் ஆவியாப் பறக்கிற அவசரத்துல தண்ணியை மேல இழுத்து விடுறது. ஜேம்ஸ் தாம்சன்னு ஒருத்தர் 1855லயே விளக்கி வச்சுட்டாரு. சுத்தமான கசிப்பும் அப்படித்தான் அழும்.

சிரிக்காதே, இப்பச் சொல்றது சிரிப்பு இல்ல. ஆஸ்திரியாவுல சில வைன்காரனுங்களுக்கு இதே ஆசை வந்து, 1985ல மாட்டிக்கிட்டானுங்க. மெலிஞ்ச வைனை இனிப்பாவும் கனமாவும் காட்ட டை எத்திலீன் கிளைக்கோலை ஊத்துனானுங்க. ஆளு செத்ததாச் சேதி இல்ல, ஆனா அந்த நாட்டு வைனை யாரும் தொடல, கோடிக்கணக்குப் போத்தல் நாசம். அந்த விசம் பாக்கறதுக்கும் ருசிக்கும் அச்சு அசல் கிளிசரின் மாதிரியே இருக்கும். அடுத்த வருசம் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில மருந்தாக் குடுத்த கிளிசரின்ல அதே சாமான் கலந்திருந்து பதினாலு பேரு போயிட்டாங்க. அதனால லேபல் இல்லாத போத்தல், தொழிற்சாலை வேலைக்கு விக்கிறது, கூட்டாளி சலுகை விலையில எடுத்துக் குடுத்தது, இதெல்லாம் வாய்க்குள்ள போற சாமானே இல்ல. பாடி பாடின்னு தேடி, மாமி பயந்த பாடியாவே ஆயிராதே.

நான் தொரை பங்களாவுல சமையக்கார அப்புவா இருந்தவன். தொரை வாயைப் பாத்துப் பாத்துப் படிச்ச படிப்புடா எனக்கு. சொல்றதைக் கேளு.

சுத்தித் தேயிலை மலை. நீ என்னடான்னா துவர்ப்புக்கு டானின் பவுடர் கொழும்புல எங்க கிடைக்கும்னு தேடறே! அன்னாசிக்குத் துவர்ப்பு கிடையாது. திராட்சையின்னா தோல்லயும் கொட்டையிலயும் இருக்கும். துவர்ப்பு இல்லாத வைன் முதுகெலும்பு இல்லாத ஆளு மாதிரி, கிளாஸ்லயே சரிஞ்சு விழும். அஞ்சு லீட்டருக்கு ஒரு கோப்பை, நல்லாச் சாயம் இறங்கின பிளேன்டி, சீனி இல்லாம, ஆறவச்சு, புளிக்க வைக்கிற அன்னைக்கே ஊத்து. உங்க ஆத்தா பரம்பரையே கொழுந்து பறிச்ச பரம்பரை, இது உனக்குத் தோணலையே!

அப்புறம் பிளம்ஸ், காஞ்ச திராட்சைதான். அஞ்சு லீட்டருக்குக் கால் கிலோ. கடையில வாங்கினதுல எண்ணெய் பூசியிருப்பான், சுடுதண்ணியில அலசி, நறுக்கிப் போடு. தோல் கறுத்துக் கனிஞ்ச வாழைப்பழம் நாலைஞ்சை அவிச்சு, வடிச்ச தண்ணியைச் சேத்தாலும் உடம்பு ஏறும். வாழைப்பழம் போட்டா கலங்கும், தெளிய நாளாகும். உனக்கு டிசம்பருக்குள்ள வேணுமாக்கும்? அப்ப ஆகஸ்ட்ல தூங்கிக்கிட்டிருந்தியா?

வண்டலைத் தூக்கிக் கொட்டிட்டேன்னு பெருமையாச் சொன்னே பாரு, அங்கதான் எனக்கு வயிறெரிஞ்சுச்சு. முதல்ல படியிற பழக் கழிசல் போகட்டும், அது இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதுக்கப்புறம் பால்மா கரைச்ச மாதிரி நைசாப் படியிதே, அது செத்த ஈஸ்ட். அது மெதுவா உடைஞ்சு உடைஞ்சு குடுக்கிற சத்துதான் வைனை வழவழப்பாக்கும். பிரான்ஸ்ல மஸ்கடேன்னு ஒரு வைனை குளிர்காலம் பூரா அந்த வண்டல் மேலயே கிடத்திப் போடறான். நீ வாரத்துக்கு ஒருக்கா சுத்தமான மரக்கரண்டியால ஒரு சுத்துச் சுத்திவிட்டு, மூடியை இறுக்கிட்டுப் போ. மூணு மாசம். இதுக்குக் கடையில பொட்டலம் விக்கிறானுங்க. செத்த ஈஸ்ட்டைக் காயவச்சு விக்கிறான், நீ உசுரோட செஞ்சதைக் கொட்டறே.

வழவழப்புன்னா பங்களாவுல கிறிஸ்மஸுக்கு ஊத்துவோமே பால் வைன், பறங்கிக்காரங்க வீட்டுச் சாமான், அதுதான்டா. சாராயத்துல எலுமிச்சம்புளியும் சீனியும் சாதிக்காயும் போட்டு, பாலை ஊத்துவோம். பால் திரிஞ்சு தயிர்க் கட்டியா மிதக்கும். பாத்தா வாந்தி வரும். துணியில சொட்டுச் சொட்டா ரெண்டு நாள் வடிச்சா பொன் நிறத்துல கண்ணாடியாட்டம் இறங்கும். பாலோட புரதம் சாராயத்தோட துவர்ப்பை எல்லாம் புடிச்சுக்கிட்டுத் துணியிலயே தங்கிரும். முதல் வருசம் திரிஞ்சதைப் பாத்துப் பதறிப்போய் நான் வாளியோட கொட்டப் போனேன். தொரைசாணி ஓடி வந்து புடிச்சா.

என்னா, கடைசியாச் சீனி போட்டு இனிப்பாக்கலாமான்னா? போடு. உள்ள ஈஸ்ட் உசுரோட இருக்கிறப்பப் போட்டு மூடியையும் இறுக்கிட்டா என்னாகும்னு என்னைக் கேளு. 2020 ஆகஸ்ட் கடைசியில நம்ம திகனப் பக்கம் பூமி அதிர்ந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறமும் விட்டு விட்டு அதிர்ந்துச்சு. ஒரு நாள் ராத்திரி டமார்னு சத்தம், அக்கம்பக்கம் பூரா வாசலுக்கு ஓடி வந்து நிக்கிது. பூமி அன்னைக்கு அதிரவே இல்ல. என் கட்டிலுக்கு அடியில இருந்த ஆறு போத்தல் இஞ்சி பியர். நானும் எல்லாரோடயும் ரோட்டுல நின்னு, "இந்தத் தடவை கொஞ்சம் பலமாத்தான் இருக்கு"ன்னேன். மாமிக்கு மட்டும் ஈரம் தெரிஞ்சுச்சு.

சரி, எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. பழத்தைக் கூட்டு, தண்ணியைக் குறை, வாரத்துக்கு ஒரு சுத்துத் தவிர தை மாசம் வரைக்கும் அதை நோண்டாம வை. அந்தக் கிளிசரினை இங்க குடுத்துட்டுப் போ. பனிக்கு மாமிக்குக் குதிகால் வெடிச்சுப் போய், ஒரு வாரமா வாங்கியாங்கன்னு என்னை அரிச்சுக்கிட்டிருக்கா.