27 பீரியட் எங்கே போயிற்று?

கேள்வி: பீரியட் 40 நிமிடம் என்கிறார்கள். அப்படியும் பாடம் முடியவில்லை என்று 'ஸ்பெஷல் கிளாஸ்' வைக்கிறார்களே, ஏன்?
– வாசகர் ஒருவர், சேலையூர்

பதில்: வருகைப் பதிவு, போன பீரியட் கரும்பலகையை அழிப்பது, 'சத்தம் போடாதே' என்று சத்தம் போடுவது எல்லாம் அந்த 40-க்குள்தான் அடக்கம். இதற்கு நாளுக்கு 5 நிமிடம் என்றாலும், 220 நாளில் 1,100 நிமிடம். 27 பீரியட் காலி!

பழியை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 நாள், 1,000 மணி நேரக் கற்பித்தலைக் கேட்கிறது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் என்றால் ஆசிரியரை அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது தனிக் கணக்கு.

ஆனால், நிமிடங்களைப் பிடித்தால் மட்டும் போதாது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்து, 1974-இல் எழுதினார்: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள்.

தாம்பரம் ஸ்டேஷனில் சென்னைக் கடற்கரை ரயிலுக்குப் பத்து நிமிடம் நிற்கிற சார், 3 விநாடி நிற்க மாட்டாரா என்ன!