சாறு வேறு, சாரம் வேறு

கே: ஐயா, ‘எசன்ஸ்’ என்பதற்குத் தமிழில் சாறா, சாரமா? (தெக்கா)

ப: பிழிந்தால் வருவது சாறு, யோசித்தால் வருவது சாரம். சைவ சித்தாந்தத்தில் ‘சொரூப இலக்கணம்’ என்பார்கள்: எதனோடும் சேராமல் தன்னளவில் எப்படியோ, அது. சேர்க்கையால் தெரிவது ‘தடத்த இலக்கணம்’. பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் சிரிப்பது தடத்தம். கதவைச் சாத்திய பிறகு தெரிவது சொரூபம்.

கே: அரிஸ்டாட்டில் சொன்ன சாரம்? (ரெட்ஹில்)

ப: கோப்பி-ஓவில் சீனியை எடுத்தால் கோப்பி-ஓ கோசோங். கோப்பியையே எடுத்தால் வெந்நீர்! எதைப் பிடுங்கினால் பொருள் அதுவாக இருக்காதோ, அதுதான்.

கே: சாரமே கிடையாது என்றவர் உண்டா?

ப: பௌத்த ஞானி நாகார்ஜுனர், சுமார் 1,800 ஆண்டுக்கு முன்பே. எதுவும் தனியே நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே ஒன்று. மணிமேகலையில் பௌத்தத்தின் பன்னிரு சார்புகளைப் பாருங்கள். சாரம் போச்சு, சார்பு வந்தாச்சு.

கே: சித்த வைத்தியத்தின் சாரமும் சீன வைத்தியத்தின் ‘ஜிங்’கும் ஒன்றா? (புக்கிட் மேரா)

ப: இல்லை, தம்பி. நம் ஏழு உடற்கட்டுகளில் முதலாவது சாரம், அன்றாடம் உண்ட சோற்றிலிருந்து வருவது. ஜிங் குடியிருப்பது சிறுநீரகத்தில், அதில் ஒரு பங்கு பெற்றோர் தந்தது. ஒன்று மாதச் சம்பளம், மற்றது பரம்பரைச் சொத்து. ஸ்கேனில் இரண்டும் தெரியாது, சிறுநீரகக் கல் மட்டும் பளிச்சென்று தெரியும். வலி வந்தால் ஸ்கேனுக்கே போங்கள்.

கே: ஹோமியோபதியில் ‘30சி’ என்றால் வீரியம் அதிகமாமே?

ப: 1க்குப் பின்னால் 60 சுழியம் போடுங்கள், அத்தனை மடங்கு நீர்த்தது. 12சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதுகூட அரிது. ஹானிமன் 1796இல் தொடங்கியபோது மூலக்கூறுகளை எண்ண யாருக்கும் தெரியாது, அவரை மன்னிக்கலாம். இன்சுலினை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று இன்று சொல்பவரை மன்னிக்க மாட்டேன்.

கே: பாட்டி அவுட்ரம் பொது மருத்துவமனையில் இருக்கிறார். சிக்கன் எசன்ஸில் கோழியின் சாரம் இருக்கிறதா? (புக்கிட் மேரா)

ப: கோழியின் சாரம் குப்பையைக் கிளறுவது, அது புட்டியில் அடங்காது. உள்ளே இருப்பது சாறு: ஒரு சின்னப் புட்டியில் ஏறக்குறைய ஒரு முட்டையின் புரதம். பாட்டிக்குக் கொடுக்கலாமா என்று முதலில் தாதியைக் கேளுங்கள். சரி என்றால், புட்டியை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கி, மூடியைத் திருகி, ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள், அம்மா. கடைசி மடக்கு வரை கட்டில் பக்கத்திலேயே உட்காருங்கள்.