உடையாத பெட்டி செய்து பெயரைக் கெடுத்துக்கொள்வது எப்படி?

வீடியோ கேம் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு பயம் உண்டு. பிள்ளைகள் போட்டு அடித்தாலும் உடையாத பெட்டியைச் செய்துவிட்டால், 'இவன் பொம்மைக் கம்பெனிக்காரன்' என்று பெயர் விழுந்துவிடும், அப்புறம் காசுள்ள பெரியவர்கள் கடைப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று. பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 2001-இல் நின்டெண்டோ, 'கேம்கியூப்' என்று ஒன்றை இறக்கியது. ஊதா நிறம், கனசதுர வடிவம், பின்னால் தூக்கிக்கொண்டு போக ஒரு கைப்பிடி. பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பா என்று கேலி பேசினார்கள். மொத்தம் விற்றது 2.17 கோடி. அதே காலத்தில் வரவேற்பறையில் கறுப்பாக, கம்பீரமாக உட்கார்ந்திருந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2, 15 கோடியைத் தாண்டியது.

ஆகவே, முதலாளி அவர்களே, உங்கள் பிராண்ட் இமேஜைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தால் கீழே சொல்கிறபடி செய்யுங்கள். சோதனைக்கு எந்த ஊர் என்று அலைய வேண்டாம். பள்ளிப்பட்டு போதும். திருவள்ளூர் மாவட்டத்தின் ஓரம்; திருத்தணி முருகன் ஒரு பக்கம், நகரி இன்னொரு பக்கம். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்து, ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்த பகுதி. ஒரு பொருளை இங்கே தமிழிலும் திட்டுவார்கள், தெலுங்கிலும் திட்டுவார்கள். உங்கள் பெயர் ஒரே பஸ்ஸில் இரண்டு மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். விளம்பரச் செலவு மிச்சம்.

முதலில் வீட்டைப் பாருங்கள். இமேஜ் உள்ள பெட்டி கம்பளம் விரித்த ஏசி அறைக்கென்று செய்யப்படுவது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் பல வீடுகளில் அடுத்த சுவருக்கு அப்பால் விசைத்தறி ஓடுகிறது. பஞ்சுத் தூசி காற்றோடு காற்றாக இருக்கும். உங்கள் பெட்டிக்குள் ஒரு குட்டி ஃபேன் சுற்றுகிறதே, அது அந்தத் தூசியை இழுத்து இழுத்து, காற்று போகிற சல்லடையில் ஒரு மெத்தையே தைத்துவிடும். வெயில் வேறு. கோடையில் டிவி வானிலைச் செய்தியில் திருத்தணி பெயர் வராமல் போகிற நாள் குறைவு. 40 டிகிரியைத் தாண்டியதைப் பரிசு வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வோம்.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் வழியைப் பின்பற்றலாம். அவர்களுடைய எக்ஸ்பாக்ஸ் 360, 2006 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அக்‌ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும் விளம்பரத்தில் நின்றார்கள். பொம்மை என்று ஒருவரும் சொல்ல முடியாத பெட்டி. சூடாவதும் ஆறுவதுமாக இருந்ததில் சிப்புக்குள்ளே நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போய், முகப்பில் சிவப்பு வளையம் எரிந்துவிட்டு உயிரை விட்டது. உலகம் முழுக்க இதே கதை. 2007 ஜூலையில் உத்தரவாதத்தை 3 ஆண்டாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். அவ்வளவு பணத்தை எண்ணி வைத்த பிறகு பெயர் ஓரளவு பிழைத்தது. உங்களிடமும் அவ்வளவு இருந்தால் ஃபேனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து ஜாய்ஸ்டிக். இதில்தான் பலர் ஏமாந்து நல்ல பொருளைச் செய்துவிடுகிறார்கள். நின்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் 'ஃபேமிகாம்' பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா. அமெரிக்கப் பெட்டிகளில் இருந்ததுபோல நட்டுக்கொண்டு நிற்கும் குச்சியை வைக்கலாமா என்று பார்த்தார்கள். தரையில் கிடக்கும், பையன் மிதிப்பான், முறியும். அதனால் குன்பெய் யோகோய் ஏற்கெனவே கையடக்க விளையாட்டு ஒன்றுக்குச் செய்துவைத்திருந்த தட்டையான கூட்டல்குறி பட்டனையே எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையின் பாதத்தை நினைத்துச் செய்த முடிவு! இன்றைக்குப் பெரியவர்கள் விளையாடும் எந்தக் கருவியை எடுத்தாலும் அந்தக் கூட்டல்குறியோ அதன் தம்பியோ இருக்கும். உயெமுரா இன்னொன்றும் செய்தார். கேசட்டை வெளியே தள்ள ஒரு நெம்புகோல். கையாலேயே உருவிவிடலாம், இருந்தாலும் பிள்ளைகளுக்கு அதைத் தட்டித் தட்டி விளையாடப் பிடிக்கும் என்று வைத்தாராம்.

எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிடவில்லை. முதலில் பட்டன்களைச் சதுரமாக ரப்பரில் செய்தார்கள். பிள்ளைகள் அழுத்திய அழுத்தில் ரப்பர் தேய்ந்தது, மூலையில் மாட்டிக்கொண்டு மேலே வராமல் நின்றது. வட்டமான பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அதோடு, சிப் கோளாறால் ஆட்டம் நடுவில் உறைந்துபோனதால், விற்ற பெட்டிகளைத் திரும்ப வாங்கி உள்ளே இருந்த போர்டையே மாற்றிக் கொடுக்கச் சொன்னார் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி. கையைக் கடிக்கிற செலவு. உங்கள் கணக்குப்பிள்ளை இதைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம், இமேஜ் மட்டும் வேண்டும் என்றால் அதே நின்டெண்டோவின் பிற்கால வேலையைப் பாருங்கள். 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' பெட்டியின் குட்டிக் குச்சிகள், கையை எடுத்த பிறகும் தானாக ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. வழக்குகள் வந்தன. 2020 ஜூனில் கம்பெனித் தலைவர் ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார். மிதித்தால் முறியும் என்று 1983-இல் பயந்தவர்கள், மிதிக்காமலே கெட்டுப்போகும் குச்சியைச் செய்யத் தேறிவிட்டார்கள்.

மூன்றாவது, விலை. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995-இல் ஷா வாலஸ் என்ற மதுபானக் கம்பெனியின் வழியாக சேகா மெகா டிரைவ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. விலை 18,000 ரூபாய். பிராந்திக் கம்பெனி கொண்டுவந்தால் பொம்மை என்று யார் சொல்வது? இமேஜ் கெடவில்லை. பள்ளிப்பட்டில் யாரும் அதைப் பார்க்கவுமில்லை.

பார்த்தது வேறு. சாமுராய் என்றும் மீடியா என்றும் பெயர் போட்ட டிவி கேம்கள். அவற்றுக்குப் பின்னால் பெயரே இல்லாமல் வந்த நகல்கள். எல்லாம் அந்த ஃபேமிகாமின் வாரிசுகள்தாம், முறையாகவோ முறைதவறியோ. 2006-இல் தமிழ்நாட்டு அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும் இந்தப் பெட்டிகளுக்கு வாழ்வு வந்தது. '9999 இன் 1' என்று ஒட்டிய கேசட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் வேஷம் மாற்றி மாற்றி வரும். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுப் பின் கறுக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். அன்றைக்கு ஊதித்தான் மரியோ ஓடினார்.

உழைப்பில் அவற்றை அடித்துக்கொள்ள முடியாது. திண்ணையிலிருந்து விழும், சாம்பார் கொட்டும், மறுநாள் ஓடும். ஆனால் செய்தவன் யார் என்று கேளுங்கள், பதில் வராது. திருத்தணி ஆடிக் கிருத்திகைக் கடைகளில் வாங்கிய பிரிக் கேமும் அப்படித்தான். ஒரு தலைமுறையே அதில் கட்டை அடுக்கியது. கம்பெனிப் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. வலுவாகச் செய்தால் பெயர் வந்துவிடும் என்று நம்புகிற நல்லவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கெட்டுப்போனால் எங்கே எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாத பொருளுக்குப் பெயர் ஒட்டாது.

கெட்டுப்போவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டி கெடாது, ஜாய்ஸ்டிக்குக்குள் ஒயர் நுழைகிற கழுத்துதான் கெடும். ஆட்டம் முடிந்ததும் ஒயரை ஜாய்ஸ்டிக் மேலேயே இறுக்கிச் சுற்றி வைப்பது பிள்ளைகள் வழக்கம். உள்ளே தலைமுடி கனத்தில் ஐந்து கம்பிகள். கழுத்தில் மடிந்து மடிந்து ஒன்று அறுந்தால் மரியோ சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார். திருவிழாவுக்கு நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் அத்தை பிள்ளைகள் வந்து இறங்கி, இரண்டு ஜாய்ஸ்டிக்குக்கு ஏழு பேர் என்று ஆனால் ஐந்தும் போகும். பஜார் டிவி மெக்கானிக் அறுந்த இடத்தோடு இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சீவிப் பற்றவைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் இரண்டு அங்குலம் குறையும். பிள்ளைகள் வருஷா வருஷம் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவார்கள். கண் கெடும் என்று அப்பா திட்டுவது பிள்ளையை, ஒயரை அல்ல.

உங்கள் இமேஜ் தீர்மானமாவது அந்த மெக்கானிக் கடை பெஞ்சில்தான். உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகும்:

"நைனா, பொட்டி நல்லாத்தான் கீது. புள்ளைங்க கையில புடிக்கிறதுதான் வேலை செய்யல."

"ஒயர் இதுக்கு மேல வெட்ட முடியாது ஆயா. புதுசு கம்பெனிலயே குடுக்கறதில்லையாம். முழு செட்டா வாங்கச் சொல்றான்."

"அதே கம்பெனிக்காரன் டிவி விக்கிறானா?"

"விக்கிறான் ஆயா."

"அப்ப டிவிக்கு வேற கம்பெனி சொல்லு."

முடிந்தது. அந்த ஆயா கேம் விளையாடியதில்லை. உங்கள் விளம்பரத்தையும் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் டிவி, மிக்சி, ஃபேன் எது வாங்குவதென்று சொல்கிறவர் அவர்தான். நீங்கள் எந்தப் பெரியவருடைய மதிப்பை இழந்துவிடுவோம் என்று பயந்தீர்களோ, அந்தப் பெரியவர் இவர்.

இவ்வளவும் படித்த பிறகும், இல்லை, நான் உடையாததாகத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கு என்ன நேரும் என்றும் எச்சரித்துவிடுகிறேன். 1989-இல் வந்த நின்டெண்டோ 'கேம்பாய்' சாம்பல் நிறத்தில் செங்கல் கனத்தில் இருந்தது. திரையில் கலர் கிடையாது. நான்கு பென்டார்ச் பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கலர் திரையோடு மறு வருடம் போட்டிக்கு வந்த சேகா கேம்கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிட்டது. பிள்ளைகளிடம் பேட்டரி வாங்கக் காசு இருக்காது என்ற அற்ப விஷயம் ஜெயித்தது. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம்பாய், மேல் ஓடு உருகிப்போய், உள்ளே டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தபடி நியூயார்க்கில் நின்டெண்டோவின் கடையில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது. காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம். அதன் கலர் தம்பியையும் சேர்த்து விற்றது 11.87 கோடி. கைப்பிடி வைத்துக் கேலிக்கு ஆளான அதே கம்பெனி இது. கேம்கியூப் தோற்றதற்கு வலு காரணமென்றால் கேம்பாய் முதல் மாதமே தோற்றிருக்க வேண்டும். டிவிடி படமும் பார்க்கலாம் என்று பிளேஸ்டேஷன் 2 சொன்னதும், கேம்கியூப் சொல்ல முடியாமல் போனதும் எல்லாருக்கும் மறந்துவிட்டது. கைப்பிடி மட்டும் நினைவில் இருக்கிறது.

2013-இல் அவர்கள் '2டிஎஸ்' என்று ஒன்றைச் செய்தார்கள். மடக்குகிற கீல் கிடையாது, ஆகவே கீலில் உடையவும் வழியில்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ஆப்பு என்றார்கள் பார்த்தவர்கள். அழகில்லை, வாஸ்தவம். சின்னப் பிள்ளைக்கு வாங்கிய பெற்றோர் ஒருவரும் அழகைக் கேட்கவில்லை.

உள்ளூர் சாட்சி வேண்டுமானால் எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கியபோது அது ஊதினால் வெடிக்கும் பொம்மை பலூன் செய்த கொட்டகை. 1964-இல் டயரைத் தூக்கி நிற்கும் பயில்வான் அடையாளமாக வந்தார். 1987-இல் மறுபடி பொம்மைக்கே வந்து ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கினார்கள். இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ராணிப்பேட்டையிலும் அதன் தொழிற்சாலை உண்டு. குழந்தைக்குப் பொம்மை செய்கிற வீட்டுப் பெயர் என்பதற்காக எந்த லாரி ஓனரும் பயில்வான் டயரைக் கழற்றி வைத்ததாகத் தெரியவில்லை.

ஆக, முதலாளி அவர்களே, பெட்டியை எந்த நிறத்தில் வேண்டுமானாலும் செய்யுங்கள், கைப்பிடி வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. ஜாய்ஸ்டிக்கைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். உதிரி ஒயரைப் பஜார் மெக்கானிக்குக் கிடைக்கும்படி, பிள்ளைகள் உண்டியல் காசில் வாங்குகிற விலைக்கு, பள்ளிப்பட்டு வரைக்கும் அனுப்பிவையுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் வந்துசேர்ந்தால் நல்லது.