கொடைக்கானலில் வீடு, சென்னையில் முதலாளி

வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட முதலில் வேண்டியது படம். வெயில் அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து வீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு நாள் வெயிலை வருஷம் பூராவும் விற்கலாம். ‘லேக் வியூ’ என்று போடத் தயங்க வேண்டாம். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏறி நின்று, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் யூகலிப்டஸ் மரத்துக்கும் நடுவே எட்டிப் பார்த்தால், 1863-ல் லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி தெரியத்தான் செய்கிறது. வசதிகள் பட்டியலில் நாற்காலியையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். சாவி, பெட்ஷீட், கீசர், கேம்ப் ஃபயருக்கு விறகு எல்லாம் அவர் பொறுப்பு. உங்கள் பொறுப்பு, ராத்திரி பதினொரு மணிக்கு “வெந்நீர் வரலை சார்” என்று போன் வந்தால் “அஞ்சு நிமிஷத்துல ஆள் வருவார்” என்று சொல்வது. அண்ணன் அப்போது வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார். பாதகமில்லை, நீங்களும் வேளச்சேரியில்தானே இருக்கிறீர்கள்.

காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இருக்கும் நடைமுறை இது. முன்பணம் வாங்குவதற்கு முன்னால் சொன்னால் நாணயம், வாங்கிய பின்னால் சொன்னால் நிர்வாகம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் அவர் விவரத்தைப் பதிந்தாக வேண்டும். இதில் மட்டும் விளையாடாதீர்கள்.

வாசலில் காட்டுமாடு வந்து நின்றால் விருந்தினரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். மறுநாள் விளம்பரத்தில் ‘வனவிலங்கு அனுபவம், கட்டணமில்லை’ என்று ஒரு வரி கூட்டுங்கள். “ஒரே பனி, ஒன்றுமே தெரியவில்லை” என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவரிடம் வாதாடக் கூடாது. அடுத்த முறை பனியைக் குறைத்துக்கொள்வதாக எழுதுங்கள்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். மே மாதச் சொந்தக்காரர்களைத்தான் முடியாது. “என்ன மாப்ள, கொடைக்கானல் வீடு சும்மாதானே கிடக்கு?” என்று மாமா கேட்பார். குழாய் வேலை நடக்கிறது என்று சொல்லிப் பார்ப்பீர்கள். நேற்றுத்தான் யாரோ தங்கி ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பதை அவர் பேத்தி செல்போனில் எடுத்துக் காட்டுவாள். பணம் கொடுத்தவர் காலை பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுவார். மாமாவுக்குச் செக்-அவுட் கிடையாது. அவருடைய மதிப்புரை இணையத்திலும் வராது. அடுத்த வளைகாப்பில், சாப்பாட்டுப் பந்தியில், “வீடு நல்லாத்தான் இருக்கு, ஆனா மெத்தைதான்...” என்று இழுப்பார். அதற்குப் பதில் எழுதவும் வழியில்லை.

குறிஞ்சி எப்போது பூக்கும் என்று கேட்கிறவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 2018-ல் பூத்தது, இனி 2030-ல். இப்போதே முன்பதிவு வாங்கலாம், மாமா சொல்லி வைத்திருக்கும் பத்து நாள் போக.