லேபர் கேம்பில் துறை பிடிப்பது எப்படி?

பிரான்ஸில் பாய்மரப் படகு வாங்க ஆசைப்படுகிறவர், அதைக் கட்டிவைக்க இடம் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிப்பார். போர் கமார்க் துறையில் மட்டும் ஏறத்தாழ 5,000 படகுகள் நிற்கலாம். அப்படியிருந்தும் அந்நாட்டின் தெற்குக் கடற்கரையில், பெயரைப் பதிந்துவிட்டுப் பல வருடம் காத்திருப்பவர்கள் உண்டு.

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வண்டி வரும். மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் முடியும். அதற்குப் பிறகுதான் வீட்டில் யாராவது, "சரி, இத எங்க நிறுத்தப் போற?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஆக்டிவா ஸ்கூட்டரின் மேல் கைவைத்தபடி நிற்பவர்களுக்காக இந்த வழிகாட்டி.

1. கல்லியை அளந்து பாருங்கள்

பிரான்ஸில் படகின் நீள அகலத்தைப் பார்த்து வாடகை போடுவார்கள். இங்கே நீளத்தை யாரும் கேட்பதில்லை. ஹேண்டில்பாரின் அகலம்தான் கணக்கு. மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாத்தே இந்தக் கேம்பில் வாழ்ந்த காலத்தில் கல்லிகள் என்ற இந்தச் சந்துகள் நடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. இன்றும் அகலம் அதேதான். வண்டியை நிறுத்திய பிறகு மீதமிருக்கும் வழியில் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு தண்ணீர் டிரம், ஒரு பாடை ஆகிய மூன்றும் தடங்கலில்லாமல் போக வேண்டும். மூன்றாவது போகாது என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். என்றாவது ஒருநாள் ஊரே உங்கள் வண்டியைத் தூக்கி வைக்கும். எங்கே வைத்தார்கள் என்று அன்றைக்குக் கேட்கவும் முடியாது.

மாடி அறையான கோலிக்குப் போகும் இரும்பு ஏணியின் அடியில் இடம் கிடைத்தால், கூரை போட்ட துறை கிடைத்ததாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கீழே இறங்குகிறவருக்கு ஏணியின் கடைசிப் படி உங்கள் சீட்டுதான். இதை ஒப்புக்கொண்ட பிறகே ஏணியடியை எடுங்கள்.

2. ஓத அட்டவணையைப் பாருங்கள்

"நமக்கு எதுக்குப்பா கடல் கணக்கு?" என்பவர் கேம்புக்குப் புதியவர். பிரான்ஸின் சேன் மாலோவில் ஓதம் 12 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். மும்பையில் அது ஐந்து மீட்டரை நெருங்குவதே அதிகம். ஆனாலும் மழைக்காலத்தில் ஓதம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்களை மாநகராட்சி வருடந்தோறும் பட்டியல் போட்டுச் சொல்கிறது. அந்த நேரத்தில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் நாலா என்ற சாக்கடைக் கால்வாயில் இருக்கும் தண்ணீர் மாஹிம் கழிமுகத்துக்குள் வடிய முடியாமல் நம் வாசலுக்குத் திரும்பும். 2005 ஜூலை 26 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்று கல்லியில் வயதான யாரைக் கேட்டாலும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். கை காட்டிய உயரத்துக்கு மேல் உங்கள் சைலன்சர் இருந்தால் இடம் நல்ல இடம். அப்படியொரு இடம் கேம்பில் இல்லை என்பதால், குறைவாக மூழ்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் ஏறினால் படகும் கூடவே ஏறும், ஆக்டிவா ஏறாது.

3. துறைமுக அதிகாரியைச் சந்தியுங்கள்

பிரெஞ்சுத் துறைகளில் இதற்கென்று ஓர் அலுவலகமும் சீருடையும் உண்டு. நம் கல்லியில் வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் ஆச்சிதான் அந்த அதிகாரி. நேர்காணல் இப்படி நடக்கும்:

"யார் வண்டிடே இது?"

"நம்ம வண்டிதான் ஆச்சி."

"நம்ம வண்டின்னா?"

"மூணாவது கோலி. பெரியவர் பேரன்."

"ஓ, அவன் பேரனா. கொஞ்சம் தள்ளிப் போடு, வத்தல் காயணும்."

அனுமதி கிடைத்துவிட்டது. கட்டணம் இரண்டு வகை. பகலில் உங்கள் சீட்டில் வத்தல் காயும். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் சயான் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்ப வேண்டும். பதிலுக்கு, உங்கள் பெட்ரோல் டாங்கின் பக்கம் எவன் கை போனாலும் ஆச்சியின் குரல் கேம்பின் மறுகோடி வரை கேட்கும். எந்த சிசிடிவிக்கும் இந்தக் குரல் கிடையாது.

4. தடைக்காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. மீனவருக்கு வருடத்தில் ஒரே தடைக்காலம். உங்கள் வண்டிக்குப் பல. தைப்பொங்கலுக்குத் தெருவில் பானை வரிசை வரும். ஏப்ரல் 14-இல் அம்பேத்கர் ஜெயந்தி ஊர்வலமும் சித்திரைப் பிறப்பும் ஒன்றாக வரும். அம்மன் கொடைக்கு மேளம் வரும், கணபதிக்கு மண்டபம் வரும். எதற்கும் நோட்டீஸ் வராது; மூங்கில்தான் வரும். உங்கள் இடத்தில் நாலு மூங்கில் இறங்கியிருந்தால் அன்றிரவே வண்டியைக் கிளப்பிவிடுங்கள். வாதாட ஆசையிருந்தால் முதலில் சந்தாவைக் கொடுங்கள். சந்தா தராதவரின் நியாயத்துக்குக் கல்லியில் காது கிடையாது.

5. பத்திரத்தை நம்பாதீர்கள்

பிரான்ஸில் படகை விற்றால், அதை வாங்கியவருக்குத் துறை இடம் தானாகப் போகாது. இங்கேயும் வண்டியை வாங்கியவருக்கு இடம் போகாது. அது உங்களிடமே இருக்கும். ஆனால் ஆளில்லாமல் இருக்காது. உடைந்த நாற்காலியோ பழைய டயரோ கல்லோ உங்கள் சார்பில் அங்கே இருந்தாக வேண்டும். பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. அவை நின்ற இடங்களுக்கு வாரிசு தேடிக் கேம்பில் யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை.

நிறுத்த இடமிருப்பதாகச் சான்று காட்டினால்தான் புதுக் காரைப் பதிவு செய்யலாம் என்று விதி கொண்டுவரப்போவதாக 2025-இல் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் சொன்னார். ஆச்சி வாய்மொழியாகத் தந்த அனுமதியை எந்தப் படிவத்தில் நிரப்புவது? நம் கேம்பும் அடங்கிய தாராவி மறுசீரமைப்பிலும் இதே சிக்கல்தான். 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காகிதத்தில் காட்டினால் 350 சதுர அடி வீடு என்கிறார்கள். சர்வேக்காரர்கள் கதவுகளில் எண் போட்டார்கள். வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு யாரும் எண் போடவில்லை. அடுக்குமாடி எழும்பிய பிறகு கீழே கோடு போட்ட பார்க்கிங் வரக்கூடும். வத்தல் காயப்போடுகிறவர் எத்தனையாவது மாடியில் இருப்பார் என்பதுதான் தெரியாது.

6. கடைசியாக

"தொண்ணூறடி ரோட்டில் போட்டுவிட்டால் போச்சு" என்று நினைக்கலாம். போய்த்தான் விடும். டோயிங் வேன் பின்னால் ஓடிய அனுபவம் உள்ளவர்கள் கேம்பில் ஏராளம், அவர்களிடம் கேளுங்கள்.

ஆகவே, ஷோரூமில் முன்பணம் கட்டும் முன் கல்லிக்குள் ஒரு நடை போய் ஆச்சியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். "நிறுத்திக்கோ" என்றால் வண்டியை வாங்குங்கள். "பாப்போம்" என்றால் பெஸ்ட் பஸ்ஸுக்குப் பாஸ் எடுங்கள்.