கடிதத்தின் வேஷம் கலைந்தது ஏன்?

கேள்வி: ஹட்டனில் தமிழில் டைப் செய்து சேவ் பண்ணிய காணி விண்ணப்பம், நுவரெலியாவில் திறந்ததும் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கிறதே, ஏன்?

- வாசகர், ஹட்டன்

பதில்: கோப்பு கெடவில்லை, வேஷம்தான் கலைந்திருக்கிறது. இலங்கையில் பல ஆண்டுகளாகப் புழங்கும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் மாட்டிவிட்ட ஏற்பாடு. அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே பல்லிளிக்கும்.

யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையில் இந்தத் தொல்லை இல்லை. தமிழுக்கென்று 1991 முதலே அதில் தனி எண்கள் உண்டு. ஹட்டனில் அடித்த அம்மா, கொழும்பிலும் அம்மாதான்.

பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் அலைய வேண்டிய தோட்டத்துச் சனங்களுக்கு இப்படி எழுத்து சிதறுவது சின்ன விஷயமல்ல.

பழைய கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அனுப்பும் பிரதியை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள்.

இன்னொன்று: சேமிக்காத எழுத்து ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும்; கரண்ட் போனால் அதுவும் போய்விடும். முதல் வரி அடித்ததுமே கோப்புக்குப் பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள்.